எந்த ஷீ?

கேள்வி:

ரீச்சர், நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சின்ன நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஆறு கிராமங்களின் மாதர் சங்கங்களைப் பார்ப்பது என் பொறுப்பு. மாதமுடிவில் கொழும்புக் கந்தோருக்கு ஆங்கிலத்தில் அறிக்கை அனுப்பவேண்டும். அனுப்புகிற அறிக்கை எல்லாம் ஓரத்தில் சிவப்புப் பேனையால் "ஹூ?", "விச் ஒன்?" என்று எழுதித் திரும்பி வருகிறது. சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு பீ எடுத்தவள் நான். ஹீ, ஷீ, இட், தே எல்லாம் ஆறாம் வகுப்பிலேயே படித்தது. எங்கே பிழைக்கிறேன் என்று விளங்கவில்லை. போன மாத அறிக்கையிலிருந்து ஒரு பந்தியையும், நடந்தது என்ன என்று தமிழில் ஒரு குறிப்பையும் இத்துடன் அனுப்புகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரை எப்படி எழுதுவது? "மைசெல்ஃப்" எப்போது போடலாம்?

வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் பந்தியை மூன்று தரம் வாசித்தேன். இலக்கணப் பிழை என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனால் மூன்று தரம் வாசித்தும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் தொலைத்தது தலைவியா பொருளாளரா என்று எனக்குப் பிடிபடவில்லை. நீங்கள் அடியில் தமிழில் எழுதியிருந்த குறிப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதன் முதல் வரியை வாசித்தவுடன் விளங்கிவிட்டது. அதே ஆள், அதே சங்கதி, தமிழில் தெளிவாக எழுதியதை ஆங்கிலத்தில் குழப்பியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மற்ற வாசகர்களுக்காக உங்கள் பந்தியை இங்கே போடுகிறேன்.

"த பிரசிடென்ட் டோல்ட் த ட்ரெஷரர் தட் ஷீ ஹாட் லொஸ்ட் த ரிசீட் புக். ஷீ ஆஸ்க்ட் ஹேர் டு கிவ் த கொப்பி டு த ஒஃபிசர். இட் வோஸ் இன் ஹேர் பாக். ஹீ செட் தே வூட் செக் அண்ட் இன்ஃபோர்ம் அஸ். திஸ் இஸ் எ பிக் ப்ரொப்ளம்."

தமிழ்க் குறிப்பின் முதல் வரி இது: "பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் தான் தொலைத்துவிட்டதாகத் தலைவி பொருளாளரிடம் சொன்னார்."

இதிலே "தான்" என்ற சொல்லைப் பாருங்கள். சொன்னவர் யாரோ அவரையே அது திரும்பிப் பிடித்துக்கொள்கிறது. தொலைத்தது பொருளாளர் என்றால் "அவர் தொலைத்துவிட்டதாக" என்று எழுதியிருப்பீர்கள். "தான்" என்றால் சொன்னவர், "அவர்" என்றால் மற்றவர். நாங்கள் யாரும் யோசித்து இதைச் செய்வதில்லை, பேசத் தொடங்கிய நாளிலிருந்து வாயில் வருகிறது. ஆங்கிலத்துக்குப் போனவுடன் அந்த இரண்டும் "ஷீ" என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடுகின்றன. "ஷீ ஹாட் லொஸ்ட்" என்றால் தலைவியாகவும் இருக்கலாம், பொருளாளராகவும் இருக்கலாம். கொழும்பில் இருக்கிறவர் எதை எடுப்பார்? காசுப் புத்தகம் தொலைந்தது என்றால் முதலில் பொருளாளரைத்தான் நினைப்பார். அப்படியென்றால் ஒரு குற்றமும் செய்யாத ஒரு பெண்ணின் மேல் உங்கள் அறிக்கை சந்தேகத்தைப் போட்டுவிட்டது. இதை நான் பெரிய விசயமாக எடுப்பதற்கு அதுதான் காரணம்.

"தான்" மட்டுமல்ல. தமிழில் வினைச்சொல்லே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. வந்தான், வந்தாள், வந்தது, வந்தார்கள், வந்தன. முன்னுக்கு யாருடைய பெயரும் இல்லாமலே ஆணா பெண்ணா, ஒன்றா பலவா, ஆளா பொருளா என்று வினையின் வால் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் "கேம்" ஒன்றுதான். நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு ஒரு எஸ், பிறகு வோஸ், வேர் போல இரண்டு மூன்று மிச்சங்கள், அவ்வளவே. தமிழில் வினை சுமக்கிற பாரத்தை ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லும் அதன் இடத்தில் வருகிற பிரதிப்பெயரும் சுமக்கவேண்டும். உங்களுக்கு ஹீ, ஷீ தெரியாமல் இல்லை. தமிழில் தெளிவாக யோசித்துவிட்டு, தமிழ் தாங்கிப்பிடித்த பகுதியை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுகிறீர்கள். வன்னிப் பாடசாலைகளில் நான் படிப்பித்த கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாரும் செய்தது இதைத்தான்.

சரி, முதல் வரியை எப்படித் திருத்துவது? எல்லாருக்கும் முதலில் தோன்றுவது, ஷீயை எடுத்துவிட்டு "த பிரசிடென்ட்" என்று திரும்பப் போடுவது. போடலாம், தெளிவாகிவிடும், ஆனால் ஒரே வரியில் இரண்டு தரம் வந்து இடிக்கும். நான் செய்வது வேறு. "டோல்ட்" என்ற வினையை மாற்றிவிடுவேன். சொன்னார் என்பதில் ஒன்றும் இல்லை. அவர் செய்தது என்ன? தன் பிழையை ஒத்துக்கொண்டார். ஆகவே "த பிரசிடென்ட் அட்மிட்டட் லூசிங் த ரிசீட் புக்." ஷீ தேவையே இல்லாமல் போய்விட்டது. ஒருவர் தன் பிழையைத்தான் அட்மிட் பண்ணலாம், அடுத்தவருடையதைப் பண்ண முடியாது. மாறி நடந்திருந்தால் "அக்யூஸ்ட் த ட்ரெஷரர் ஒஃப் லூசிங்" என்று எழுதலாம். பொருத்தமான வினை கிடைத்தால் பிரதிப்பெயர்ச் சிக்கல் பாதி தானாகவே தீர்ந்துவிடும். அறிக்கைகளில் டோல்ட், செட் என்று வருகிற இடமெல்லாம் நின்று, இது கேட்டதா, மறுத்ததா, ஒத்துக்கொண்டதா, எச்சரித்ததா என்று பாருங்கள்.

இரண்டாவது வரி முதல் வரியோடு கட்டுப்பட்டது. அங்கே ஷீ யார் என்று தெரிந்தால் இங்கே ஹேர் யார் என்று தெரியும், அங்கே தெரியாதபடியால் இங்கேயும் தெரியவில்லை. மூன்றாவது வரியில் இன்னொரு கிடங்கு இருக்கிறது. "இட் வோஸ் இன் ஹேர் பாக்." எது பையில் இருந்தது? தொலைந்த புத்தகமா, கொப்பியா? புத்தகம் என்று எடுத்தால், தொலைந்ததாகச் சொன்ன புத்தகம் யாரோ ஒருவரின் பைக்குள் இருந்து பிடிபட்டது என்று கதை மாறிவிடுகிறது! நீங்கள் சொல்ல வந்தது, பொருளாளர் எடுத்து வைத்திருந்த போட்டோக் கொப்பி அவருடைய பையிலேயே இருந்தது என்பது. அவர் கவனமான மனுசி என்று காட்டவேண்டிய வரி அது.

நாலாவதில், "ஹீ" உத்தியோகத்தர் என்று ஊகிக்கலாம், பந்தியில் வேறு ஆண் இல்லை. "தே" யார்? உங்கள் குறிப்பில் "பார்த்து அறிவிப்பதாகச் சொன்னார்" என்று இருக்கிறது. பார்ப்பது யார் என்று தமிழிலும் நீங்கள் சொல்லவில்லை. "அறிவிப்பதாக" என்ற வடிவம் ஆளைக் கேட்காது, அதனால் நீங்களும் யோசிக்கவில்லை. ஆங்கிலம் ஒரு எழுவாயைக் கேட்டதும் கைக்கு அகப்பட்ட தேயைப் போட்டிருக்கிறீர்கள். இப்படியான இடத்தில் ஆங்கிலம் உங்களுக்கு உதவிதான் செய்கிறது, பார்க்கப்போவது யார் என்று அது கேட்க வைக்கிறது. கேட்டு எழுதுங்கள். அவரேயா, அவருடைய கந்தோரா?

கடைசியாக, "திஸ் இஸ் எ பிக் ப்ரொப்ளம்." எது? புத்தகம் தொலைந்ததா, கொப்பி பையில் இருந்ததா, கந்தோர் பார்த்து அறிவிக்கும்வரை காத்திருப்பதா? திஸ் தனியே ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதன் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லைக் கொண்டுவந்து வையுங்கள். திஸ் லொஸ், திஸ் டிலே, திஸ் டிசிஷன். என்ன பெயர் வைப்பது என்று உங்களுக்கே தெரியாவிட்டால், சொல்ல வந்தது இன்னும் உங்கள் மனதிலேயே தெளியவில்லை என்று அர்த்தம். எனக்கும் அப்படி நடக்கிறது. அப்போது பேனையை வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசிப்பேன்.

தேயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், நம்மவர்கள் அதிகம் சறுக்குவது அதில்தான்.

எழுத்துத் தமிழில் ஆட்கள் அவர்கள், பொருட்கள் அவை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தே ஒன்றுதான். "த ஃபார்மர்ஸ் ரிட்டேர்ன்ட் த பம்ப்ஸ் பிகோஸ் தே வேர் டூ ஓல்ட்" என்று ஒரு அறிக்கையில் பார்த்தேன். தண்ணீர் இறைக்கிற மெசின்கள் பழசு என்பதால் கமக்காரர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். ஆனால் வரியை வாசித்தால் கமக்காரர்களுக்கு வயதுபோய்விட்டது என்றும் எடுக்கலாம். தமிழில் இந்தக் குழப்பம் வர வழியே இல்லை, மெசின் பழசாகும், மனுசருக்கு வயதுபோகும். "பிகோஸ் த பம்ப்ஸ் வேர் டூ ஓல்ட்" என்று எழுதினால் முடிந்தது.

இந்தத் தே ஆங்கிலத்துக்கு வந்த கதை எனக்குப் பிடிக்கும். அது ஆங்கிலத்தின் சொந்தச் சொல் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அவன், அவர்கள் என்பவற்றுக்கு இருந்த சொற்கள் ஒன்றுக்கொன்று மிகக் கிட்டிய ஒலியாக இருந்தன. வடக்கேயிருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய ஸ்கண்டிநேவியரின் மொழியிலிருந்து தே, தெம், தெயர் மூன்றையும் எடுத்துக்கொண்டார்கள். பிரதிப்பெயர் ஒரு மொழியின் அடிமடியில் இருக்கிற சொல், இலேசில் யாரும் இரவல் வாங்குவதில்லை. ஆங்கிலம் பேசியவர்களுக்கே எந்த ஆளைச் சொல்கிறோம் என்பது அவ்வளவு சிக்கலாக இருந்திருக்கிறது. ஆகவே நீங்கள் மனம் சோரத் தேவையில்லை.

மரியாதைக்குத் தே போடுகிற பழக்கம் ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. "த டிவிஷனல் செக்ரட்டரி செட் தே வில் கம்." பிரதேச செயலாளர் ஒருவர்தான், ஆனால் தமிழில் வருவார்கள் என்று சொல்லும் பழக்கத்தில் தே வந்துவிடுகிறது. வாசிக்கிறவர் ஒரு கூட்டம் வரப்போகிறது என்று நினைப்பார். ஆங்கிலத்தில் ஹீ, ஷீ என்று எழுதுவது மரியாதைக் குறைவு இல்லை. மரியாதை முன்னால் வருகிற மிஸ்டர், மிஸ், டொக்டர் என்பதிலோ பதவிப் பெயரிலோ போய்விடுகிறது. அமைச்சரானாலும் ஹீ ஹீதான். ஒருகாலத்தில் ஆங்கிலத்திலும் நீ, நீங்கள் போல தௌ, யூ என்று இரண்டு இருந்தன. யூ என்ற பன்மை மரியாதைக்கு வரத்தொடங்கி, கடைசியில் தௌவைத் தின்றுவிட்டது. இப்போது எல்லாருக்கும் யூதான்.

இனி நீங்கள் கேட்டது, ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவர். எழுத்துத் தமிழில் அவர் என்று போட்டுவிட்டுப் போய்விடலாம். நம் ஊர்ப் பேச்சில் அப்படியும் இல்லை, ஆணுக்கு அவர், பெண்ணுக்கு அவா. ஆனால் எழுத உட்கார்ந்தவுடன் அவா மறைந்து இருபாலாருக்கும் அவர் ஆகிவிடுகிறது, அந்த அவரை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது பலரும் யோசிக்காமல் ஹீ ஆக்கிவிடுகிறார்கள். நான் திருத்திய எத்தனையோ அறிக்கைகளில் பெண் தலைமைக் குடும்பத்துப் பயனாளிகள் ஹீ ஆகக் கிடந்தார்கள். கணவனை இழந்து தனியே நின்று வளவைத் துப்புரவாக்கி வீடு கட்டிய பெண்ணை ஹீ என்று எழுதி அனுப்புவது எனக்குப் பொறுக்காது. ஆள் தெரிந்தால் ஆளைக் கேட்டு ஹீ, ஷீ சரியாக எழுதுங்கள்.

ஆள் உண்மையிலேயே தெரியாவிட்டால், அல்லது யாராகவும் இருக்கலாம் என்றால், இரண்டு வழி இருக்கிறது. வாக்கியத்தைப் பன்மையாக்கலாம். "ஈச் அப்ளிகன்ட்" என்பதை "அப்ளிகன்ட்ஸ்" ஆக்கினால் தே தானாகவே பொருந்திவிடும், எனக்குப் பிடித்தது அதுதான். இல்லாவிட்டால் ஒருமைக்கே தே போடலாம். "இஃப் எ மெம்பர் லூசஸ் தெயர் பாஸ்புக்" என்பது பிழை என்று உங்கள் காலத்து ரீச்சர்மார் சொல்லியிருப்பார்கள், நானும் தொடக்கத்தில் வகுப்பில் அப்படித்தான் சொன்னேன். ஆனால் இது 14ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கில எழுத்தில் இருக்கிறது. 2019இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி அந்த ஆண்டின் சொல்லாகத் தேயைத் தெரிந்தெடுத்தது. அதே ஆண்டு வந்த 7ஆம் பதிப்பில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்துநடைக் கையேடும் ஒருமைத் தேயை ஏற்றுக்கொண்டது. தன்னைத் தே என்றே குறிப்பிடும்படி கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை அப்படியே எழுதவேண்டும். ஹீ, ஷீ இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதுவது படிவத்துக்குச் சரி. பந்தி முழுக்க வந்தால் வாசிக்கிறவருக்குக் களைப்பு.

அடுத்து வீ. இதைப்பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் பந்தியில் அஸ் என்று ஒன்று வருகிறபடியால் சொல்கிறேன். நாம் என்றால் கேட்கிறவரும் சேர்ந்தது, நாங்கள் என்றால் கேட்கிறவரை விட்டது. பேச்சில் நாங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டாலும் எழுத்தில் இந்தப் பிரிவு உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வீ ஒன்றுதான்.

யுத்தம் முடிந்து சனம் திரும்பி வந்து, தறப்பாள் கொட்டில்களில் இருந்துகொண்டு வீடு கட்டத் தொடங்கிய காலம். கிளிநொச்சிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் ஒரு நிறுவனம் வீட்டுத்திட்ட ஒப்பந்தம் கொண்டுவந்தது. ஒப்பந்தத்தை முதலில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். அதில் ஒரு வரி: "வீ வில் ப்ரொவைட் த சாண்ட் அண்ட் த லேபர்." ஒப்பந்தம் வீட்டுக்காரர் கையெழுத்து வைக்கிற மாதிரி எழுதப்பட்டது, ஆகவே வீ என்றால் வீட்டுக்காரக் குடும்பம். தமிழ்ப் பிரதியில் அது "மணலும் கூலியும் நாங்கள் வழங்குவோம்" என்று வந்தது. கூட்டத்தில் அதை எழும்பி நின்று வாசித்தவர் நிறுவனத்தின் அலுவலர். நிறுவனத்தின் ஆள் வாயால் "நாங்கள் வழங்குவோம்" என்று கேட்டால் சனம் என்ன நினைக்கும்? நிறுவனம் மணல் தரும், மேசனுக்கும் கூலி கொடுக்கும் என்று நம்பிக் கையெழுத்து வைத்தார்கள். அத்திவாரம் வெட்டி, சீமெந்துக் கல்லை அடுக்கி வைத்துவிட்டு மணல் லோட்டுக்காகக் காத்திருந்தார்கள். விசயம் வெளிக்கும்போது கார்த்திகை வந்துவிட்டது, மாரி மழைக்கு அத்திவாரக் கிடங்கெல்லாம் தண்ணீர். அந்த வருசம் கொட்டிலிலேயே மாரியைக் கழித்த ஒரு அம்மா, ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டி, "ரீச்சர், இந்த நாங்கள் ஆர்?" என்று கேட்டா. அன்றிலிருந்து ஒரு ஆவணத்தில் வீ, தமிழில் என்றால் நாங்கள், எங்கே வந்தாலும் முதல் தரம் பெயரை எழுதாமல் நான் விடுவதில்லை. "வீ, த ஹவுஸ் ஓனர்ஸ்" என்று ஒரே ஒரு இடத்தில் இருந்திருந்தால் போதும்.

உங்கள் அறிக்கையில் "வீ டிசைடட்" என்று வருகிற இடங்களையும் பாருங்கள். முடிவெடுத்தது சங்கமா, உங்கள் நிறுவனமா, இரண்டும் சேர்ந்தா? காசு கொடுத்தவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

சின்னச் சங்கதிகள் சில. "ஃபோம் கிடைத்தது, நிரப்பி அனுப்பிவிட்டேன்" என்று தமிழில் சொன்னால் எதை அனுப்பினேன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆங்கிலத்தில் "ஐ ஃபில்ட் அண்ட் சென்ட்" என்று நிறுத்தினால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். "ஐ ஃபில்ட் இட் இன் அண்ட் சென்ட் இட் பாக்" என்று இட்டைப் போட்டேயாகவேண்டும். மாறாக, "மை மதர் ஷீ செட்" என்று இரண்டு தரம் எழுவாய் வைக்கக்கூடாது. "அம்மா, அவா சொன்னவா" என்று பேசுகிற வழக்கம் அங்கே ஒட்டிக்கொள்கிறது. இட்ஸ் என்பதில் மேலே குறி போட்டால் "அது இருக்கிறது", போடாவிட்டால் "அதனுடைய". ஹிஸ், ஹேர்ஸ், தெயர்ஸ் ஒன்றுக்கும் குறி இல்லை என்று நினைவில் வைத்தால் இதுவும் நினைவில் நிற்கும்.

திஸ், தட் இரண்டிலும் நமக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. இது, அது, உது என்று மூன்று சுட்டு நம்மிடம் புழக்கத்தில் இருக்கிறது. இந்தியத் தமிழர் பேச்சில் உது போய்விட்டது, நாங்கள் "உதை வையும்", "உது ஆர் சொன்னது" என்று இன்றும் சொல்கிறோம். உங்களுக்குக் கிட்ட இருப்பது, நீங்கள் இப்போது சொன்னது, அதுதான் உது. ஆங்கிலத்தில் அதற்கு இடமில்லை. மெயிலில் மற்றவர் சொன்னதைக் குறிக்கப் பெரும்பாலும் தட், நீங்களே சொல்லப்போவதற்கு திஸ். அதைத் தாண்டி இதில் சட்டம் தேடாதீர்கள்.

விச் என்பதில் தமிழ் நமக்கு உதவாது. "வெள்ளத்தில் பழுதான பாடசாலைக் கிணறு" என்றால் பழுதானது பாடசாலையா கிணறா? தமிழிலும் தெரியவில்லை. ஆங்கிலத்தில் "த வெல் ஒஃப் த ஸ்கூல் விச் வோஸ் டமேஜ்ட்" என்றாலும் அதே சந்தேகம். விச் எந்தப் பெயரைப் பற்றியதோ அதன் பக்கத்தில் ஒட்டி நிற்கவேண்டும். ஒட்ட வைக்க முடியாவிட்டால் வரியை இரண்டாக வெட்டுங்கள். "த ஸ்கூல் வெல் வோஸ் டமேஜ்ட் இன் த ஃப்ளட்." பிறகு மிச்சத்தைச் சொல்லுங்கள்.

மைசெல்ஃப் பற்றிக் கேட்டீர்கள். "மைசெல்ஃப்" என்று தொடங்கித் தன்னை அறிமுகம் செய்வது நம் பக்கத்தில் பரவிய பழக்கம், விட்டுவிடுங்கள், "ஐ அம்" போதும். "ப்ளீஸ் கோல் த மனேஜர் ஓர் மைசெல்ஃப்" என்பதும் பணிவாகத் தெரிகிறது, ஆனால் பிழை. மனேஜரை எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். "கோல் மைசெல்ஃப்" என்று யாரும் சொல்லமாட்டார்கள், "கோல் மீ" தான். "ஐ" போடுவதா "மீ" போடுவதா என்ற சந்தேகத்துக்கும் இதே சோதனை போதும். என்னை நானே ஏதாவது செய்தால், அல்லது வேறு ஒருவரும் இல்லை நானே செய்தேன் என்று அழுத்திச் சொன்னால் மட்டும் மைசெல்ஃப்.

இனி, அடுத்த அறிக்கையை எழுதி முடித்தவுடன் அனுப்பிவிடாதீர்கள். ஒரு இரவு போகட்டும். அடுத்த நாள் தாளில் எடுத்து, ஒவ்வொரு ஹீ, ஷீ, இட், தே, வீ, திஸ்ஸையும் வட்டமிட்டு, அது குறிக்கிற பெயருக்கு ஒரு அம்பு போடுங்கள். போகிற வழியில் அதே மாதிரி இன்னொரு பெயரை அம்பு தாண்டுகிறதா என்று பாருங்கள். இரண்டு பெண்கள், இரண்டு பொருட்கள், இரண்டு கூட்டங்கள். தாண்டினால் அந்த இடத்தில்தான் சிவப்புப் பேனை "ஹூ?" என்று எழுதும். அம்புக்குப் போக இடமே இல்லாவிட்டால் பெயரைச் சொல்ல மறந்திருக்கிறீர்கள். முதல் இரண்டு மூன்று மாதம் இதற்கு அரை மணித்தியாலம் போகும். பிறகு எழுதும்போதே கண் பிடித்துவிடும்.

அதற்காக எல்லா இடமும் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதவேண்டாம். தலைவி, தலைவி, தலைவி என்று வந்தால் பொலிஸ் வாக்குமூலம் மாதிரி இருக்கும், வாசிக்கிறவர் இது வேறு தலைவியோ என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார். "த ஃபோர்மர்", "த லாட்டர்" என்று முன்னையவர், பின்னையவர் போடுவதையும் நான் விரும்புவதில்லை, வாசிக்கிறவர் கண்ணை மேலே அனுப்பித் தேட வைக்கிறது. உங்கள் பந்தியைத் திருத்தியிருக்கிறேன், பாருங்கள்.

"த பிரசிடென்ட் அட்மிட்டட் லூசிங் த ரிசீட் புக். த ட்ரெஷரர் ஹாட் எ போட்டோகொப்பி இன் ஹேர் பாக், அண்ட் த பிரசிடென்ட் ஆஸ்க்ட் ஹேர் டு கிவ் இட் டு த ரூரல் டிவலப்மென்ட் ஒஃபிசர். ஹீ செட் ஹிஸ் ஒஃபிஸ் வூட் செக் இட் அண்ட் இன்ஃபோர்ம் அஸ். திஸ் லொஸ் ஹாஸ் டிலேட் த லோன் கலெக்ஷன்."

உங்களுடையதில் ஒன்பது பிரதிப்பெயர் இருந்தது. இதில் ஹேர் இரண்டு, இட் இரண்டு, ஹீ, ஹிஸ், அஸ் என்று ஏழு. எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை, ஆனால் ஒன்றுக்கும் அம்பு நீளமாகப் போகத் தேவையில்லை. பார்க்கப்போவது அவருடைய கந்தோர் என்று போட்டது என் ஊகம், கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கடன் அறவிடுவது சுணங்கியது என்று நான் போட்டது உங்கள் தமிழ்க் குறிப்பை வைத்து. வேறு ஏதாவது சிக்கல் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதை இன்றைக்கே செய்யவேண்டும். போன மாத அறிக்கை கொழும்பில் இருக்கிறது. அந்த "ஷீ"யை அவர்கள் யாராக எடுத்துக்கொண்டார்கள் என்று உங்களுக்கோ எனக்கோ தெரியாது. ஒரு சின்ன மெயில் போடுங்கள். "இன் லாஸ்ட் மந்த்ஸ் ரிப்போர்ட், த பிரசிடென்ட், நொட் த ட்ரெஷரர், லொஸ்ட் த ரிசீட் புக். த ட்ரெஷரர் கெப்ட் த கொப்பி." பொருளாளரையும் கண்டு, இப்படி எழுதி அனுப்பியிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ரீச்சர்